பழைய காரின் எடையைக் குறைத்தால் மலைப்பாதையில் என்ன மாறும்? கணக்கும் சட்டமும்

உங்களிடம் ஒரு பழைய பிரீமியர் பத்மினியோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, முதல் தலைமுறை மாருதி 800-ஓ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வாங்கியதாக இருக்கலாம், நீங்களே ஆசைப்பட்டுத் தேடி வாங்கியதாகவும் இருக்கலாம். வார இறுதியில் கோவையிலிருந்து வாளையார் வழியாக பாலக்காட்டுக்கு ஓட்டினால் சமவெளியில் சொகுசாகப் போகிறது. அதே வண்டி போடியிலிருந்து போடிமெட்டு ஏறும்போதோ, உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறும்போதோ மூச்சு வாங்குகிறது.

இன்ஜினை மாற்றலாமா என்று கேட்டால் செலவு கையைக் கடிக்கும், சட்டமும் குறுக்கே நிற்கும். அப்போது நண்பர் ஒருவர் சொல்வார்: "வெயிட்டைக் குறைச்சுப் பாரு, வண்டி பறக்கும்."

அவர் சொல்வது தப்பில்லை. உலகின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் சில இந்த ஒரே யோசனையில்தான் உருவாயின. ஆனால் எதைக் கழற்றலாம், எதைத் தொடவே கூடாது, எதைத் தொட்டால் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குதிரைசக்தி மட்டும் போதாதா?

போதாது. ஒரு கார் எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடும் என்பதை இன்ஜினின் சக்தி தனியாகத் தீர்மானிப்பதில்லை. அந்தச் சக்தி எவ்வளவு எடையை இழுக்க வேண்டியிருக்கிறது என்பதும் முக்கியம். இதைத்தான் 'பவர் டு வெயிட்' விகிதம் என்கிறார்கள். சக்தியை எடையால் வகுத்து, ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைசக்தி என்று பார்ப்பதுதான் கணக்கு.

நமக்குத் தெரிந்த இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம்.

* பிரீமியர் பத்மினி: 1089 சிசி இன்ஜின், சுமார் 40 குதிரைசக்தி, எடை சுமார் 895 கிலோ. ஒரு டன்னுக்கு சுமார் 45.
* 1980-களின் மாருதி 800: 796 சிசி இன்ஜின், சுமார் 37 குதிரைசக்தி, எடை சுமார் 650 கிலோ. ஒரு டன்னுக்கு சுமார் 57.

இன்ஜின் சிறியது, சக்தியும் கொஞ்சம் குறைவு. ஆனாலும் விகிதத்தில் மாருதி 25 சதவீதத்துக்கும் மேல் முன்னால் நிற்கிறது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தபோது, அதற்கு முந்தைய கார்கள் திடீரென்று மந்தமாகத் தெரிந்ததற்கு இந்த எடை வித்தியாசம் ஒரு பெரிய காரணம்.

பத்மினி அந்த 57-ஐ எட்ட வேண்டுமென்றால் இரண்டு வழிகள். இன்ஜினை 51 குதிரைசக்திக்கு உயர்த்த வேண்டும். இல்லையென்றால் காரின் எடையை 700 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும், அதாவது 190 கிலோவுக்கு மேல் கழற்ற வேண்டும். இரண்டுமே லேசான காரியம் இல்லை.

பெரிய கம்பெனிகள் எப்படிச் செய்தன?

1973-ல் வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஒரே 210 குதிரைசக்தி இன்ஜினோடு இரண்டு வகைகளில் விற்றார்கள். வசதிகள் நிறைந்த 'டூரிங்' வகை சுமார் 1075 கிலோ. 'ஸ்போர்ட்' வகை சுமார் 960 கிலோ. தகடு மெலிதானது, கண்ணாடி மெலிதானது, பின் சீட் கிடையாது, கடிகாரம்கூடக் கிடையாது. கதவைத் திறக்கும் கைப்பிடிக்குப் பதில் ஒரு பட்டை.

இப்படிக் கழித்த 115 கிலோவின் மதிப்பு என்ன? டூரிங் கார் அதே விகிதத்தை எட்ட 235 குதிரைசக்தி வேண்டும். அதாவது 25 குதிரைசக்தியை இன்ஜினைத் தொடாமலே சம்பாதித்துவிட்டார்கள்.

பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் இந்தக் கொள்கையையே நிறுவனத்தின் அடையாளமாக்கினார். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் காருக்கு ஃபைபர் கிளாஸ் உடல், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் எஃகு சேஸி. மொத்த எடை சுமார் 680 கிலோதான். கிட்டத்தட்ட நம் மாருதி 800-இன் எடை, ஆனால் 1558 சிசி இன்ஜின்.

நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் பெங்களூரில் தயாரான 'டால்ஃபின்', பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை அடிப்படையாகக் கொண்டது. 848 சிசி இன்ஜின், ஃபைபர் கிளாஸ் உடல், இரண்டே கதவு. குடும்பக் காராக மாருதி முன் அதனால் நிற்க முடியவில்லை. ஆனால் லேசான வண்டி, பின் சக்கர இழுவை என்ற இரண்டு குணங்களால் ராலி ஓட்டுநர்களின் செல்லப்பிள்ளையானது.

கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் இன்னொரு பக்கத்திலிருந்து யோசித்தார். மாருதி 800-இன் அதே 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் லேசான பந்தயக் காரில் பொருத்தினார். 1980-களின் இறுதியில் 'ஃபார்முலா மாருதி' பிறந்தது இப்படித்தான். பின்னாளில் 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதி ஓட்டி வளர்ந்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவரதனின் பெயரைத்தான் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' தாங்கி நிற்கிறது.

மலை ஏறும்போது 100 கிலோ என்ன செய்யும்?

இப்போது நம் சாலைக்கு வருவோம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை சுமார் 1000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். காரும் ஆட்களும் சேர்ந்து 1000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

100 மீட்டர் போனால் 8 மீட்டர் ஏறும் சரிவில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 12 குதிரைசக்தி தேவை. காற்றும் டயர் உராய்வும் கேட்பது தனி. 100 கிலோவைக் குறைத்தால் இந்தத் தேவை 10.5 ஆகிறது. ஒன்றேகால் குதிரைசக்தி மிச்சம். புதிய காரில் இது கண்ணுக்கே தெரியாது. தேய்ந்துபோன 40 குதிரைசக்தி இன்ஜினில், மூன்றாவது கியரில் தாக்குப்பிடிக்குமா, இரண்டாவதுக்கு இறங்க வேண்டுமா என்பதை இது தீர்மானிக்கலாம்.

பெட்ரோல் கணக்கு? 100 கிலோவை 1000 மீட்டர் தூக்க சுமார் 1 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்தாலும், மிச்சமாவது சுமார் 120 மில்லி. ஒரு டம்ளர் அளவுகூட இல்லை. 'எடை குறைந்தால் மைலேஜ் எகிறும்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உண்மையான லாபம் இறங்கும்போதுதான்

ஏறும்போது இன்ஜின் செலவழித்த ஆற்றல் இறங்கும்போது எங்கே போகும்? கொஞ்சம் காற்றிலும் டயரிலும் இன்ஜின் பிரேக்கிங்கிலும் கரையும். மீதி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறும்.

1000 கிலோ வண்டி 1000 மீட்டர் இறங்கினால் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் 9.8 மெகாஜூல். 33 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு இது. பத்மினி போன்ற கார்களில் நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். டிஸ்க் பிரேக் மாதிரி அவை காற்றில் சீக்கிரம் ஆறுவதில்லை. தொடர்ந்து மிதித்தால் சூடேறி பிடிமானம் குறையும். மிதியை அழுத்தினாலும் வண்டி நிற்காத அந்த நிலைதான் 'பிரேக் ஃபேட்'.

100 கிலோவைக் குறைத்தால் இந்தச் சூடு 10 சதவீதம் குறைகிறது. சாதாரணமாக ஒரே ஒருமுறை பிரேக் பிடிக்கும்போது நிற்கும் தூரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. எடை குறைந்தால் டயரின் பிடிமானமும் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதுதான் காரணம். ஆனால் அரை மணி நேர இறக்கத்தில், வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும்போது, அந்த 10 சதவீதம் உயிர் காக்கும் இடைவெளி.

இன்னொரு விஷயம். எவ்வளவு எடை குறைத்தாலும், ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய டிரைவர்களின் பழக்கத்துக்கு அது மாற்று இல்லை.

எல்லாக் கிலோவும் ஒன்றா?

இல்லை. ஒரு கிலோவை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பலன் மாறும்.

*சக்கரத்திலிருந்து எடுத்தால்* பலன் அதிகம். சக்கரம் முன்னால் ஓடுவதோடு சுழலவும் வேண்டும். அதன் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவைப் போல நடந்துகொள்ளும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை குறைந்தால், மேடுபள்ளத்தில் டயர் சாலையை விட்டு எழும்புவதும் குறையும்.

*மேலே இருந்து எடுத்தால்* வளைவில் பலன். கூரையில் இருக்கும் கேரியரைக் கழற்றினால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும், வண்டி சாய்வது குறையும்.

*ஒரே முனையிலிருந்து எடுத்தால்* சிக்கல். பின் சக்கர இழுவை காரில் பின்பக்கத்தை மட்டும் காலி செய்தால், ஈரமான ஏற்றத்தில் பின் சக்கரம் வழுக்கும். பருவமழையில் மூணாறு சாலையில் இது விளையாட்டு இல்லை.

எடை குறைந்த பிறகு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பழைய எடைக்கே ஏற்றபடி இருக்கும். வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும், குதிக்கும். இதற்கு ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவது சில இடங்களில் செய்யப்படும் குறுக்குவழி. அதைச் செய்யாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது.

முதலில் எதைக் கழற்றுவது?

இங்கேதான் நல்ல செய்தி. உங்கள் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த எடையில் இப்போது இல்லை. பல பத்தாண்டுகளில் அது சதை போட்டிருக்கிறது. அந்தச் சதையைக் குறைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

* டிங்கரிங் செய்யும்போதெல்லாம் பூசிய பட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடித்த பெயின்ட், துருவை மறைக்க வெல்டிங் வைத்த ஒட்டுத் தகடுகள். நல்ல தகடு போட்டு முறையாகச் சரிசெய்தால் எடையும் குறையும், உடலும் உறுதியாகும்.
* முன்னால் மாட்டிய கிராஷ் கார்டு. பாதசாரிகளுக்கு ஆபத்து என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. எடையோடு ஒரு வழக்கும் குறையும்.
* பூட்டில் உட்கார்ந்திருக்கும் சப்வூஃபர் பெட்டி, கூரைக் கேரியர், அளவுக்கு மீறிய பெரிய ரிம்.
* பெட்ரோல். ஒரு லிட்டர் சுமார் 740 கிராம். 20 லிட்டர் குறைவாக நிரப்பினால் 15 கிலோ குறைவு.
* ஆட்கள். 65 கிலோ நண்பர் ஒருவர் வேறு வண்டியில் வந்தால், பல ஆயிரம் ரூபாய் செலவழித்துக் குறைப்பதைவிட அதிகம் குறையும். நண்பரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

அடுத்த கட்டமாக லித்தியம் பேட்டரி பற்றிப் பலர் கேட்கிறார்கள். 12 முதல் 15 கிலோ வரும் ஈய-அமில பேட்டரிக்குப் பதில் சில கிலோவில் முடிந்துவிடும். ஆனால் பழைய காரின் டைனமோவும் ரெகுலேட்டரும் தரும் மின்னழுத்தம் லித்தியத்துக்கு ஒத்துவருமா என்று ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் அளந்து பார்த்த பிறகே இறங்குங்கள்.

எதைத் தொடக் கூடாது?

சீட் பெல்ட், பம்பர், ஹேண்ட் பிரேக், ஸ்டெப்னி, ஜாக்கி ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். முன் கண்ணாடி லேமினேட் செய்த பாதுகாப்புக் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பாலிகார்பனேட் எடையில் பாதிதான், பந்தயத்தில் பக்கக் கண்ணாடிக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வைப்பர் ஓட ஓட அதில் கீறல் விழும், மழை இரவில் எதிர் வண்டி வெளிச்சம் சிதறும்.

உடல் தகட்டில் துளை போடுவது, குறுக்குத் தகட்டை வெட்டுவது இன்னும் மோசம். பத்மினி, மாருதி 800 இரண்டிலும் தனி சேஸி கிடையாது. உடலே சேஸி. வெட்டினால் முதுகெலும்பில் கை வைத்த மாதிரி. ஹெரால்டில் தனி சேஸி உண்டு என்பதால் உடலின் சில பாகங்கள் போல்ட் கழற்றினால் தனியே வரும். அதற்காக இல்லாமலே ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

எடைக் குறைப்பு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பந்தய வரலாறு சாட்சி. 1968-ல் ஹோண்டா, ஆர்ஏ302 என்ற ஃபார்முலா 1 காரை மெக்னீசியம் உடலோடு உருவாக்கியது. அணியின் ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அது ஆபத்தானது என்று ஓட்ட மறுத்தார். பிரெஞ்சு கிராண்ட் பிரியில் ஜோ ஷ்லெசர் அதை ஓட்டினார். தொடக்கச் சுற்றுகளிலேயே கார் கரையில் மோதித் தீப்பிடித்தது. நிறைந்திருந்த எரிபொருளோடு மெக்னீசியமும் எரிந்தது. ஷ்லெசர் இறந்தார். அந்த ஆண்டோடு ஹோண்டா ஃபார்முலா 1-ஐ விட்டுப் பல ஆண்டுகள் விலகியது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவுதான் அடிப்படை. காரின் கட்டமைப்பை மாற்றி, அதனால் அடிப்படை அம்சங்கள் மாறினால் அது 'மாற்றம்'. ஆர்.சி-யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது.

2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை ரத்துசெய்து, தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு முரணாக எந்த வாகனத்தையும் மாற்ற முடியாது என்றது.

அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். மூன்று மாற்றம் என்றால் அபராதம் மட்டுமே 15,000 ரூபாய்.

ஐந்து சீட் வண்டியில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால், ஆர்.சி-யில் இருக்கும் இருக்கை எண்ணிக்கைக்கும் வண்டிக்கும் பொருத்தமில்லாமல் போகும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கேட்கும்போது உங்களுக்கு எதிராகவே திரும்பலாம்.

எல்லையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவெண் காரைக் கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 47-வது பிரிவின்படி கேரளப் பதிவெண்ணுக்கு மாற்ற வேண்டும். அப்போது வண்டியும் ஆர்.சி-யும் அருகருகே வைத்துப் பார்க்கப்படும். ஊரில் யாரும் கேட்காத மாற்றம் அங்கே கேள்வியாகும்.

50 வயது தாண்டிய காரா? இன்னும் கவனம்

2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'வின்டேஜ்' என்று பதிவுசெய்து 'வி.ஏ' வரிசை எண் பெறலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லுபடி. அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம்.

இதற்கு முக்கிய நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. 1970-களின் தொடக்கத்து ஃபியட் இப்போது இந்த வயதை எட்டிவிட்டது. 40 கிலோவுக்காக அதன் உடலை இன்று வெட்டினால், அந்தத் தகுதியையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வைத்தால் திரும்ப மாட்டலாம். வெட்டிய தகடு திரும்ப வராது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் எடை போடுங்கள். லாரிகள் நிற்கும் எடை மேடைக்குப் போய், முழு வண்டியையும், பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை எடுங்கள். அந்த இயந்திரங்கள் 5 அல்லது 10 கிலோ படிகளில் காட்டினாலும், முன்-பின் விகிதம் தெரிந்துவிடும். ஆர்.சி-யில் உள்ள 'அன்லேடன் வெயிட்' எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் உங்கள் முதல் இலக்கு.

பிறகு பிரேக், டயர், கூலிங், கார்புரேட்டர் ட்யூனிங். ஒட்டிப் பிடிக்கும் ஒரு பிரேக் ஷூ, 100 கிலோ கூடுதல் சுமையைவிட வண்டியை மந்தமாக்கும்.

இதையெல்லாம் தாண்டியும் சீட் இல்லாத, கண்ணாடி இல்லாத, எலும்புக்கூடு மாதிரி ஒரு கார் வேண்டும் என்ற ஆசை அடங்கவில்லையா? அதற்கு இடம் பந்தயத் தளம். ரோல் கேஜ், ஹார்னஸ், தீயணைப்பான் என்ற விதிகளோடு, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் தனி வண்டியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். வாளையாரிலிருந்து செட்டிப்பாளையம் தூரமில்லை.

சாலையில் ஓடும் காருக்கு ஒரே விதிதான்: தொழிற்சாலை போட்ட எடை வரை தாராளமாகக் குறையுங்கள். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் மெக்கானிக்கிடமும் ஆர்.சி-யிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.